ஊசி உள்ளே இருக்கும் நேரம்

ஆம்பூர்
5 ஜனவரி 1938

அன்புள்ள தங்கை அமிர்தவள்ளிக்கு அண்ணன் தேவசகாயம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நீயும் மகள் மனோரமாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். குழந்தைக்கு இருமல் நின்றதா?

கிறிஸ்துமஸுக்கு ஏன் வேலூர் வரவில்லை என்று கேட்டிருந்தாய். வெட்கப்பட்டு வீட்டில் கிடக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. வெட்கப்பட வேண்டியவன் நான் அல்ல. நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நவம்பரில் ஒரு காலை, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரம் நின்று ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது. வாந்தி எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மானேஜர் பக்தவச்சலம் வந்து, குனிந்து, என் வாயை மோந்து பார்த்தான்.

“இன்னா மேஸ்திரி, காலங்காத்தாலயே ஜாஸ்தி ஆயிடுச்சா?”

“மருந்து வாடைடா அது” என்றேன்.

“மருந்துதான். எந்தக் கடை மருந்துன்னுதான் கேக்கறேன்.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்தவர்களும் சிரித்தார்கள். முதலாளி ரஃபி அகமது சாயபு சிரிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, “நம்ப ஷாப்புல குடிக்கிறவனுக்கு எடம் கெடயாது மேஸ்திரி. நீ குடிக்கலேன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வா. அப்பறம் பேசலாம்” என்றார். முப்பத்தோரு வருஷம் அவரிடம் வேலை செய்தவன் நான். அவருக்குக் காகிதம் வேண்டுமாம்.

அதே வாரம் சபைக் கமிட்டி கூடி, என் பெயர் சுத்தமாகும்வரை எனக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது என்று தீர்மானித்தது. மதுவிலக்குச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷம் காரியதரிசியாக இருந்தவன் நான். குடிக்கமாட்டோம் என்ற சத்தியப் புத்தகத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. கள்ளுக்கடை இருக்கும் தெருவில் நடக்கமாட்டேன் என்று பாலாற்றங்கரை வழியாகச் சுற்றிப் போனவன்.

இரண்டு மாதமாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனம். நீ நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து, இது குடியால் வந்ததில்லை என்று எழுதிக் கொடுப்பாரா? விசாரித்து எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தேவசகாயம்

டானிக் தீர்ந்துவிட்டது. உன் அண்ணி இறந்த வருஷம் முதல் நீ அனுப்புகிற, திராட்சைக் குலைப் படம் போட்ட அதே பாட்டில். அது ஒன்றுதான் என் உடம்பைத் தாங்குகிறது. இரண்டாக அனுப்பு.


வேலூர்
17 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணாவுக்கு அமிர்தம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகம். மனோரமாவுக்கு இருமல் நின்றது. உங்கள் உடம்பைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

ஷாப் விஷயமும் சபை விஷயமும் இருக்கட்டும். முதலில் உடம்பு. கால் வீங்குகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? மறைக்காமல் எழுதுங்கள். அதைவிட நேரில் வாருங்கள். எங்கள் வார்டில் டாக்டர் சுந்தரமூர்த்தி என்று ஒருவர் வந்திருக்கிறார். ஈரல் வியாதிகளைத் தனியாகப் படித்தவர். காட்பாடியில் இறங்கினால் குதிரைவண்டி வைத்து நானே அழைத்து வருகிறேன்.

டானிக் இரண்டு பாட்டில் ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்று அப்போதே எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும்.

தங்கள் அன்புத் தங்கை,
அமிர்தவள்ளி


ஆம்பூர்
12 பிப்ரவரி 1938

அன்புள்ள அமிர்தத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த இட்லியை ரயிலில் சாப்பிட முடியவில்லை. தப்பாக நினைக்காதே, பசி இல்லை.

உன் டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். விலாவை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஈரல் கெட்டியா இருக்கு பெரியவரே. இது பெரும்பாலும் குடிக்கிறவங்களுக்கு வர்றது. நீங்க இன்னா குடிப்பீங்க?” என்றார்.

“தண்ணி, காப்பி, ஆட்டுப்பால். வேற எதுவும் இந்த வாய்க்குள்ள போனதில்ல” என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். என் தங்கை சாட்சி என்று உன்னைக் காட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் அண்ணனை ஒருவர் அப்படிக் கேட்டது உனக்கும் அவமானமாக இருந்திருக்கும்.

வெளியிலிருந்து தடவிப் பார்த்து எதையும் சத்தியம் செய்ய முடியாது என்றார். உள்ளே பார்க்க வழியே இல்லையா என்று நான்தான் கேட்டேன். விலா நடுவே ஊசி இறக்கி, ஈரலில் நூல் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் இந்த வயதில் வேண்டாம் என்றார். எனக்கு வேண்டும். ஈஸ்டர் திருவிருந்துக்குள் என் பெயர் சுத்தமாக வேண்டும்.

அந்த ஊசியில் என்னென்ன நடக்கும் என்று ஒன்று விடாமல் எழுது. என்னை ஏமாற்றிச் செய்வது எனக்குப் பிடிக்காது.

உன் அண்ணன்
தேவசகாயம்

இரண்டு ஸ்பூன் கணக்கெல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்கு. நான் காலையில் அரை டம்ளர், படுக்கும்போது அரை டம்ளர். இல்லாவிட்டால் கை நடுங்குகிறது. இன்னும் இரண்டு அனுப்பு.


வேலூர்
24 பிப்ரவரி 1938

அன்புள்ள அண்ணாவுக்கு அமிர்தத்தின் வணக்கம். இங்கே சுகம். அங்கே சுகமில்லை என்று தெரிந்தும் சுகமா என்று கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

கேட்டீர்கள், எழுதுகிறேன். முந்தின நாளே வார்டில் சேர்ந்துவிட வேண்டும். காது மடலில் சின்னதாகக் குத்தி, வரும் ரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி ஒற்றி, எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். சீக்கிரம் நிற்காவிட்டால் ஊசி கிடையாது. மறுநாள் காலை வெறும் வயிறு. கட்டில் விளிம்பு ஓரமாக மல்லாந்து படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். விலா நடுவே மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. எறும்பு கடித்ததுபோல் இருக்கும். அப்புறம்தான் நீள ஊசி.

இதை மட்டும் மறக்காதீர்கள். டாக்டர் சொன்னதும் மூச்சை முழுக்க வெளியே விட்டு, அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஊசி உள்ளே இருக்கும் நேரம் மூச்சு விடக் கூடாது, இழுக்கவும் கூடாது. ஈரல் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஊசி ஓர் இடத்தில் நிற்க, ஈரல் நகர்ந்தால் கிழிந்துவிடும். கண் மூடித் திறக்கும் நேரம்தான்.

வலது தோள்பட்டை வலிக்கும். குத்தியது விலாவில், வலிப்பது தோளில் என்று பயப்பட வேண்டாம், அது வழக்கம். பிறகு ஊசி இறங்கின வலது பக்கமே ஒருக்களித்து, மணல் மூட்டை வைத்து, அன்று முழுவதும் அசையாமல் படுக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை நாடி பார்ப்போம். உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நாடிதான் சொல்லும்.

இங்கே இதுவரை மூன்று பேருக்குச் செய்திருக்கிறார். இரண்டு பேர் நன்றாக வீடு போனார்கள்.

அண்ணா, ஈரலைப் பார்த்துதான் உங்களை நாங்கள் நம்ப வேண்டுமா? வேண்டாமே.

தங்கள் தங்கை,
அமிர்தவள்ளி


ஆம்பூர்
2 மார்ச் 1938

அன்புள்ள அமிர்தத்துக்கு. என்னைப் பற்றிக் கவலைப்படாமல் உன் உடம்பைப் பார்த்துக்கொள். மனோரமா பரீட்சைக்குப் படிக்கட்டும்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடம் பார்க்காதவன், வேதாகமத்தை வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றவன். அதனால் எதையும் மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படிக்கிறவனுக்கு விட்டுப்போனது தெரியும். மூன்றாவது ஆள் என்ன ஆனான்?

எதுவானாலும் என் முடிவு மாறாது. ஏன் என்று சொல்கிறேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் மேலே பார்த்தால் பொன் மாதிரி இருக்கும். தடவினால் பட்டு மாதிரி இருக்கும். வியாபாரி அதைப் பார்த்து ஏமாறுவான். நான் கழுத்துப் பக்கம், தடிப்பான இடத்தில், ஒரு கீற்று வெட்டி வெளிச்சத்தில் பிடிப்பேன். நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் பட்டை உள்ளே ஏறவில்லை, தோல் பச்சை. கோடு இல்லாவிட்டால் தேறியது. ஒருமுறை சாயபுவின் சொந்த மைத்துனர் கொண்டுவந்த தோல்களையே வெட்டிப் பார்த்து, பச்சை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கோடு இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வெட்டின தோல் யாருக்காகவும் பொய் சொல்லாது.

உன் டாக்டர் செய்யப்போவது இதே வேலைதான். தோல்தான் வேறு. பக்தவச்சலம் மோந்து பார்த்தான். இவர் வெட்டிப் பார்க்கட்டும்.

உன் அண்ணன்
தேவசகாயம்

போன கடிதத்தில் டானிக் கேட்டிருந்தேன். வரவில்லை.


வேலூர்
10 மார்ச் 1938

அன்புள்ள அண்ணாவுக்கு அமிர்தம் வணக்கம்.

மூன்றாவது ஆள் குடியாத்தத்து நெசவாளி. மூச்சு நிறுத்தியிருந்த நேரத்தில் இருமிவிட்டார். சாயங்காலத்துக்குள் நாடி போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

வரவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வருவதாக இருந்தால் 21ஆம் தேதி வாருங்கள், அன்று முதல் எனக்கு அந்த வார்டில் வேலை.

டானிக் கடையில் இல்லை. இனி வராது என்கிறார்கள்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
31 மார்ச் 1938

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். வீடு வந்து சேர்ந்து நான்கு நாளாயிற்று. உயிரோடு இருக்கிறேன். நெசவாளிக்கு ஆனது எனக்கு ஆகவில்லை.

கூடவே இருந்தாய் என்றாலும் படுத்திருந்தவனுக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் ஆரோக்கியசாமி சும்மா இருந்தானா? “அண்ணே, மத்தவங்க ஈரலை மெளகு போட்டுத் துன்றாங்க. ஒங்க ஈரலைக் கண்ணாடி போட்டுப் பாக்கறாங்க. பெரிய எடம்தான் போ!” என்றான். சிரிப்பு வந்துவிடுமோ என்று எனக்கு வந்த பயம் ஊசிக்குக்கூட வரவில்லை.

எறும்பு கடி என்று எழுதியிருந்தாய். அது தேள். நீள ஊசி வலிக்கவில்லை, ஆனால் யாரோ கதவைத் தட்டியதுபோல் உள்ளே ஓர் இடி. “மூச்சை விடுங்க, நிறுத்துங்க” என்றார் டாக்டர். நிறுத்தினேன். அந்த நேரத்தில் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீயும் மூச்சு விடவில்லை. ஊசியை எடுத்து அவர் “ஆச்சு பெரியவரே” என்ற பிறகும் நீ விடவில்லை.

வலது பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது தோள் வலித்தது. கால் மணிக்கு ஒரு தடவை உன் விரல் என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு தடவை, “அண்ணா, நான் ஒன்னு சொல்லணும்” என்றாய். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். என்ன சொல்ல வந்தாய்?

கண்ணாடியில் பார்த்துப் பத்து நாளில் எழுதித் தருவதாகச் சொன்னார். இங்கிலீஷில் இருக்கும். நீ தமிழில் எழுதி, இரண்டையும் சேர்த்து அனுப்பு. ஏப்ரல் 17 ஈஸ்டர். சாயபுவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் அண்ணன்
தேவசகாயம்


ஆம்பூர்
9 ஏப்ரல் 1938

அமிர்தத்துக்கு. சுகமா?

பத்து நாள் கடந்து ஒரு வாரம் ஆகிறது. தபால்காரன் என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறான். தெருமுனையில் பக்தவச்சலம் சைக்கிளை நிறுத்தி, “காயிதம் வந்துச்சா மேஸ்திரி? இல்ல, அதுவும் குடிச்சிட்டு வழியில விழுந்து கெடக்குதா?” என்றான்.

டானிக் இல்லாமல் கை நடுக்கம் நிற்கவில்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருநாள் சுவரில் புழு ஊர்வதாகத் தோன்றித் துடைப்பத்தால் அடித்தேன். புழு இல்லை. வயிறு வேறு உப்பிக்கொண்டு வருகிறது.

நல்லதோ கெட்டதோ, வெட்டினதைக் காட்டு.

தேவசகாயம்


வேலூர்
13 ஏப்ரல் 1938

என் அண்ணாவுக்கு.

நலம் விசாரித்து எழுத எனக்கு அருகதை இல்லை. டாக்டரின் காகிதம் ஒன்றாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. என் பெட்டியில்தான் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

தமிழில் இதுதான்: ஈரல் முழுக்கக் கொழுப்பு. நடுவே வெள்ளை நார் கோடு கோடாக ஓடியிருக்கிறது. பல வருஷக் குடியால் ஆனது. வேறு காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை அண்ணா. அந்த டானிக் திராட்சைச் சாராயம். கொஞ்சம் மருந்தும் கொஞ்சம் இரும்பும் கலந்த சாராயம். பாட்டிலில் சிறிய இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். வாங்கின அன்றே படித்தேன்.

அண்ணி போன பிறகு நாற்பது நாள் நீங்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கல்லறையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். மருந்துக் கடைக்காரர் இரண்டு ஸ்பூன் கொடுத்தால் தூங்குவார் என்றார். சாராயம் என்று சொன்னால் பாட்டிலை என் முகத்தில் எறிந்திருப்பீர்கள். சொல்லாமல் அனுப்பினேன். “இன்று தூங்கினேன்” என்று ஒரு வரி எழுதினீர்கள். அந்த வரிக்காக ஆறு வருஷம் அனுப்பினேன். அரை டம்ளர் என்று நீங்கள் எழுதின அன்றுதான் அனுப்புவதை நிறுத்தினேன். கடையில் இல்லை என்று எழுதியது பொய். டாக்டர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் அந்த ஊசியே வேண்டியிருக்காது.

இந்த மாதக் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சாயபுவுக்கும் சபைக்கும் என் கையாலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைக் கெடுத்தவள் நான்.

உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
25 ஏப்ரல் 1938

தங்கை அமிர்தவள்ளிக்கு அண்ணன் எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக ஊருக்குக் குடிக்காதே என்று சொன்ன வாயில் நீ ஆறு வருஷம் சாராயம் ஊற்றியிருக்கிறாய். அதைக் குடித்துவிட்டுத்தான் சங்கக் கூட்டத்தில் நின்று பேசியிருக்கிறேன். நன்றாகப் பேசினேன் என்று வேறு சொன்னார்கள். செத்தாலும் இதை மறக்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

ஈஸ்டர் அன்று கோவிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். திருவிருந்துக் கிண்ணம் என் வரிசைக்கு வந்தபோது, கொண்டுவந்தவர்கள் தாண்டிப் போவதற்குள் நானே கையை மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் ஷாப்புக்குப் போனேன். சாயபு கணக்குப்பிள்ளை அறையில் இருந்தார். பக்தவச்சலம் கதவில் சாய்ந்து நின்றான்.

“காயிதம் வந்துச்சா மேஸ்திரி?” என்றார் சாயபு.

“வந்துச்சு.”

“இன்னா போட்டுருக்கு?”

“குடிச்சவன் ஈரல்னு போட்டுருக்கு.”

பக்தவச்சலம் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் குத்தியது. சாயபு கணக்குப் புத்தகத்தை மூடினார். “ஒன்ன எனக்குத் தெரியும் மேஸ்திரி. யாரு குடுத்தது? பேரச் சொல்லு” என்றார்.

“யாரும் குடுக்கல சாயபு. நானே வாங்கிக் குடிச்சேன்.”

கோடு இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னேன். யார் போட்ட கோடு என்று தோலைக் கேட்பதில்லை.

சபைக் கமிட்டிக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். சத்தியப் புத்தகத்தில் முதல் கையெழுத்தை நானே அடித்தேன். கொல்லையில் கிடந்த பாட்டில்களை உடைத்துப் புதைத்தேன். பார்சல் சீட்டுகளில் உன் பெயர் இருந்தது. அவற்றை அடுப்பில் போட்டேன். டாக்டர் காகிதத்தை மட்டும் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. டாக்டரம்மாவிடம் போகாதே. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டு அண்ணனுக்குச் சாராயம் அனுப்பினாள் என்றால், அன்றைக்கே உன் வெள்ளை உடுப்பைக் கழற்றிவிடுவார்கள். நீ புருஷனில்லாதவள். மனோரமா படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம். என் பெயர் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவர உன் பெயரையும் போட்டு எரிக்க வேண்டியதில்லை. சாயபுவுக்கு எழுதினாயானால், தங்கை பைத்தியம் பிடித்து எழுதுகிறாள் என்று நானே சொல்லிவிடுவேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு வருஷம் என்றாரா, அதற்கும் குறைவு என்றாரா என்று நீ எழுதவில்லை. நேரில் சொல்ல வரவும் வேண்டாம். என் வயிறு எனக்குச் சொல்கிறது. எதுவானாலும் நான் போகும்வரைக்கும், போன பிறகும், யார் கேட்டாலும் உன் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது. எனக்கு நீ சொல்லித் தந்ததைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

ஊசி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அமிர்தம். மூச்சு விடாதே.

உன் அண்ணன்
தேவசகாயம்